காவிரியில் கரையும் உப்பு: ஒழுக்கமும் மறுபிறப்பும் பற்றிய பௌத்தப் பார்வை



சங்யுத்த நிகாயத்தில் ஒரு சிறிய உரையாடல் இருக்கிறது. யாருடைய புண்ணியம் இரவும் பகலும் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு தேவன் புத்தரைக் கேட்கிறான். சோலை வைத்தவர், பாலம் கட்டியவர், கிணறு வெட்டியவர், வழிப்போக்கர் தங்க இடம் கொடுத்தவர் என்று அவர் விடை சொல்கிறார். செய்தவர் உறங்கும்போதும் அவர் செய்தது பிறருக்குப் பயன்பட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த உரையை நடத்தும் அறக்கட்டளையும் அந்த வரிசையில் வைக்கத் தக்கது. ஆண்டுதோறும் நாலு பேர் கூடி நல்ல பொருளைப் பற்றிச் சிந்திக்க வழிசெய்தவர்களை நன்றியோடு வணங்கி, என் உரையைத் தொடங்குகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் இது: ஒருவருடைய ஒழுக்கம் அவருடைய மறுபிறப்பை எப்படி உருவாக்குகிறது என்பதற்குப் பௌத்தம் சொல்லும் விளக்கம். இதைத் திருச்சியில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. அந்த விளக்கத்தை முறைப்படுத்தி எழுதிவைத்த பேராசிரியர்களில் ஒருவர் இந்த ஊர்க்காரர்.

1. உறையூர்ப் பிக்கு

கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் புத்ததத்த தேரர். பாலி மொழியில் எழுதியவர். தம்மை உரகபுரத்தவர் என்று குறிப்பிடுகிறார். அந்த உரகபுரம் நம் உறையூர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அவர் கடல் கடந்து இலங்கை சென்று, அனுராதபுரத்து மகாவிகாரையில் பயின்று, சோழநாடு திரும்பினார். வினய வினிச்சயம், உத்தர வினிச்சயம், அபிதம்மாவதாரம், புத்தவம்சத்துக்கு உரையான மதுரத்தவிலாசினி ஆகியவை அவர் பெயரில் வழங்கும் நூல்கள். வினய வினிச்சயத்தைப் பூதமங்கலத்து விகாரையில் இருந்துகொண்டு, களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் ஆண்ட காலத்தில் எழுதியதாக அவரே சொல்கிறார். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையிலும் இருந்து எழுதினார். இருண்ட காலம் என்று நாம் பள்ளியில் படித்த களப்பிரர் காலத்தில், காவிரிக் கரையில் இப்படி ஓர் அறிவுப்பணி நடந்திருக்கிறது.

அவரைப் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. அவர் இலங்கையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, எதிரே இலங்கைக்குச் செல்லும் மரக்கலத்தில் பாலி உரையாசிரியரான புத்தகோசர் வந்தாராம். நடுக்கடலில் இருவரும் பேசிக்கொண்டார்கள். நீங்கள் எழுதப்போகும் உரைகளை எனக்கு அனுப்புங்கள், நான் சுருக்கித் தருகிறேன் என்று புத்ததத்தர் கேட்டுக்கொண்டாராம். கதை நடந்ததோ இல்லையோ, அந்த உறவு உண்மையானது. புத்தகோசர் விரித்து எழுதியதைப் படிப்பவர் மனத்தில் நிற்குமாறு சுருக்கிக் கொடுத்தவர் உறையூர்க்காரர்.

பர்மாவிலும் இலங்கையிலும் பிக்குகள் கற்ற இந்த ஆசிரியரை நம் ஊர் ஏறக்குறைய மறந்துவிட்டது. உறையூர் என்றால் நாச்சியார் கோயிலும் வெக்காளியம்மனும் கைத்தறிச் சேலையும் நினைவுக்கு வருகின்றன. புத்ததத்தரும் அந்த வரிசையில் வரவேண்டும் என்பது என் ஆசை. முசிறி வட்டத்து மங்கலத்தில் மீசையோடு ஒரு புத்தர் சிலை இருக்கிறது. மண் மறக்கவில்லை, நாம்தான் மறந்தோம்.

2. தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை

மறுமை என்றதும் நம் மனத்தில் ஒரு நீதிமன்றம் தோன்றுகிறது. அங்கே ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார், ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார், ஒருவர் தண்டனையை நிறைவேற்றுகிறார். பௌத்தத்தில் இந்த நீதிமன்றத்துக்கு அடிப்படைத் தேவையே கிடையாது. வினை என்பது எண்ணம் என்று அங்குத்தர நிகாயம் சொல்கிறது. கருதியே ஒருவர் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செயல்படுகிறார். அப்படிக் கருதும்போதே அவர் இன்னாராக ஆகத் தொடங்கிவிடுகிறார். வெறுப்போடு ஒரு சொல் சொன்னவர், அந்தச் சொல் கேட்டவர் காதை எட்டுவதற்கு முன்பே வெறுப்புள்ளவராக ஆகிவிட்டார். அந்த ஆக்கம் மரணத்தோடு முடிவதில்லை, அடுத்த பிறப்பின் முதல் கணத்தைத் தருகிறது என்பதே கொள்கை.

எவை தீவினை? மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்த ஆசானான அறவண அடிகள் பத்தைச் சொல்கிறார். கொலை, களவு, தகாத காமம் ஆகிய மூன்றும் உடம்பால் நேர்பவை. பொய், கோள், கடுஞ்சொல், பயனற்ற பேச்சு ஆகிய நான்கும் நாவால் நேர்பவை. பிறர் பொருளை விரும்புதல், வெகுளி, தவறான பார்வை ஆகிய மூன்றும் மனத்தால் நேர்பவை. இந்தப் பத்தும் விலங்காகவும் பேயாகவும் நரகராகவும் பிறப்பதற்கு வழி. இவற்றை நீக்கி, சீலம் தாங்கி, தானம் செய்தவர்கள் மக்களாகவும் தேவராகவும் பிறப்பார்கள். பத்தில் நான்கு நாவைச் சார்ந்தவை என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். கொலையும் களவும் நம்மில் பலர் வாழ்க்கையில் நேராமலே போகலாம். கோள் சொல்லாத நாள் எத்தனை?

மனத்தைப் பகுத்து ஆராயும் அபிதம்மம் இன்னும் நுணுகிப் போகிறது. புத்ததத்தரின் அபிதம்மாவதாரம் 89 வகைச் சித்தங்களை விளக்குவதோடு தொடங்குகிறது. அவற்றில் தீய சித்தங்கள் 12. ஆசையில் வேர்கொண்டவை 8, வெறுப்பில் வேர்கொண்டவை 2, மயக்கத்தில் வேர்கொண்டவை 2. அன்றாட வாழ்வுக்குரிய நல்ல சித்தங்கள் 8. மகிழ்ச்சியோடு செய்கிறோமா, மகிழ்ச்சியும் துயரமும் இல்லாத நடுநிலையில் செய்கிறோமா; அறிவோடு செய்கிறோமா, அறிவு கூடாமல் செய்கிறோமா; தானாகச் செய்கிறோமா, பிறர் தூண்டிச் செய்கிறோமா என்ற மூன்று கேள்விகளிலிருந்து இந்த எட்டும் பிறக்கின்றன.

திருவரங்கம் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. அதற்கு இருவர் ஒரே தொகையைச் செலுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பசித்தவர் உண்பதை நினைத்து மகிழ்ந்து, இது நல்லது என்று தெளிந்து, யாரும் சொல்லாமல் தாமே வந்து செலுத்துகிறார். மற்றவர் உறவினர் வற்புறுத்தியதால், எதற்கென்றும் யோசிக்காமல், மகிழ்ச்சியும் இல்லாமல் கொடுத்துவிட்டுப் போகிறார். ரசீது இரண்டும் ஒன்றுதான். இரண்டும் நற்செயல்தான், பசித்தவர் வயிறு இரண்டாலும் நிறையும். ஆனால் அந்த இருவரும் ஒரே மாதிரியான மனிதர்களாக ஆகவில்லை. உறையூர் ஆசிரியர் கற்பித்த கணக்கு இந்த வேறுபாட்டைக் கவனிக்கிறது.

போகிற உயிர் எது என்று ஒரு கேள்வி எழும். மணிமேகலையில் இந்தக் கேள்வியை ஒரு நாகர் தலைவன் கேட்கிறான். ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவர்கள் மனித இறைச்சி உண்பவர்கள். அவர்கள் மொழி தெரிந்திருந்ததால் அவன் உயிர் பிழைக்கிறான். தலைவன் கள்ளும் இறைச்சியும் ஓர் இளம்பெண்ணும் தர முன்வர, சாதுவன் மறுக்கிறான். நல்லது செய்தவர் மேலுலகும் தீயது செய்தவர் நரகும் அடைவார் என்று காரணம் சொல்கிறான். உடம்பை விட்டுப் போன உயிர் இன்னோர் இடத்தில் புகும் என்கிறாயே, அது எப்படி என்று தலைவன் சிரிக்கிறான். உயிரோடு இருந்தபோது உணர்ந்த உடம்பு, உயிர் போனபின் வெட்டினாலும் சுட்டாலும் உணர்வதில்லை. உடம்பு இங்கே கிடக்கக் கனவில் நாம் நெடுந்தொலைவு போய்வருகிறோம் என்று சாதுவன் எடுத்துச் சொல்கிறான்.

இது ஒரு வணிகன் சொல்லும் விளக்கம். காப்பியத்தின் இறுதியில் அறவண அடிகள் சொல்லும் விளக்கம் வேறு தரத்தது. பேதைமை, செய்கை, உணர்வு என்று பன்னிரண்டு சார்புகளின் தொடராக அவர் பிறப்பை விளக்குகிறார். அங்கே உடம்பை விட்டுப் பறந்துபோகும் நிலையான உயிர் கிடையாது. ஒன்று சார்பாக நிற்க மற்றொன்று தோன்றுகிறது. இறப்பவரும் பிறப்பவரும் அதே ஆள் என்றும் சொல்ல முடியாது, தொடர்பற்ற வேறு ஆள் என்றும் சொல்ல முடியாது. எண்ணங்களால் உருவான இயல்பு அடுத்ததற்குச் சார்பாகிறது. அப்படியானால் மறுபிறப்புக்குப் போவது எது என்ற கேள்விக்கு மிக நெருக்கமான விடை, நம் குணம் என்பதே.

சாதுவன் கதையில் என் மனத்தை எப்போதும் தொடுவது அதன் முடிவு. நாகர் தலைவன் அடிபணிந்து, கள்ளையும் ஊனையும் விட்டு எங்களால் வாழ முடியாது, எங்களுக்கு ஏற்ற அறம் எது என்று கேட்கிறான். கப்பல் உடைந்து வருபவர்களைக் கொல்லாதே, மூத்துச் செத்த விலங்குகளின் இறைச்சியை மட்டும் உண் என்று சாதுவன் சொல்கிறான். எல்லாவற்றையும் விட்டால்தான் அறம் என்று அவன் கதவை அடைக்கவில்லை. நிற்கும் இடத்திலிருந்து ஓர் அடி எடுத்துவைக்கச் சொன்னான். குணம் என்பது அப்படித்தான் வளரும்.

3. ஒரே செயல், இருவேறு பயன்

இந்த உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அங்குத்தர நிகாயத்தில் உப்புக்கட்டிச் சூத்திரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பொருளில் புத்தர் சொன்னவற்றுள் மிக ஆழமானது இதுவே என்று நான் கருதுகிறேன்.

செய்த வினையை அதே அளவில் அனுபவித்தே தீரவேண்டும் என்று ஒருவர் சொன்னால், துறவுக்கும் நல்வாழ்வுக்கும் துன்பத்தை முடிப்பதற்கும் இடமே இல்லாமல் போய்விடும் என்று அவர் தொடங்குகிறார். பிறகு சொல்கிறார்: ஒரே மாதிரியான சிறு தீவினையை இருவர் செய்கிறார்கள். அது ஒருவரை நரகத்துக்குக் கொண்டுபோகிறது. மற்றவருக்கு அது இந்தப் பிறப்பிலேயே சிறிதளவு துன்பமாக வந்து கழிந்துவிடுகிறது. ஏன்? முதலாமவர் ஒழுக்கத்தையும் மனத்தையும் அறிவையும் வளர்த்துக்கொள்ளாதவர், சிறுத்த மனத்தர். இரண்டாமவர் அவற்றை வளர்த்துக்கொண்டவர், அளவற்ற விரிவு உடையவர். ஓர் உப்புக்கட்டியைச் சிறு குவளை நீரில் போட்டால் அந்த நீரைக் குடிக்க முடியாது. அதே உப்பைக் கங்கையில் போட்டால் கங்கை கரிக்காது.

புத்தர் கங்கையைச் சொன்னார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வாழும் நாம் காவிரியை வைத்துக்கொள்ளலாம். ஆடிப்பெருக்கன்று திருவரங்கத்து அம்மா மண்டபத்துப் படிகளைத் தொட்டு ஓடும் நீரில் ஒரு பிடி உப்பைப் போட்டால் அது எங்கே போயிற்று என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்தச் சூத்திரம் மூன்று செய்திகளைச் சொல்கிறது.

முதலாவது, வினையும் பயனும் இயந்திரம்போல ஒன்றுக்கு ஒன்று என்று இயங்குவதில்லை. செயல் எந்த மனிதரிடம் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பயன் மாறுகிறது. உப்பு அதே உப்புத்தான், நீரின் அளவே வேறு. குணம் என்பது அந்த நீர்.

இரண்டாவது, இது தீமை செய்ய அனுமதிச் சீட்டு ஆகாது. நான் பெரிய மனம் உடையவன், என் தவறு கரைந்துவிடும் என்று எண்ணுபவர் அந்த எண்ணத்தாலேயே குவளையாகச் சுருங்கிவிடுகிறார். விரிந்த மனத்துக்கு அடையாளமே, தன் சிறு தவறும் பிறருக்கு எவ்வளவு வலித்தது என்று உணர்வதுதான்.

மூன்றாவது, நீரைப் பெருக்கும் வேலை நம் கையில் இருக்கிறது. நேற்றுப் போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. இன்று நீர் சேர்க்க முடியும். ஐந்து சீலங்கள், தானம், எல்லா உயிர்களிடத்தும் அன்பு, தன் மனத்தைத் தானே கவனித்தல் ஆகியவை அந்தச் சேர்க்கை. வினைக்கொள்கையைத் தலைவிதியாகப் புரிந்துகொண்டவர்களுக்கு இது நேர் எதிரான செய்தி.

4. அங்குலிமாலனும் கலியனும்

உப்புக்கட்டிச் சூத்திரத்துக்கு உயிருள்ள சான்று அங்குலிமாலன். கோசல நாட்டில் வழிப்போக்கரைக் கொன்று விரல்களை மாலையாக அணிந்தவன், புத்தரைச் சந்தித்துத் துறவியாகி, முடிவில் முழு விடுதலையாகிய அரகத்த நிலை அடைந்தவன். மச்சிம நிகாயத்தில் அவன் கதை வருகிறது. அவன் மாறியதோடு கதை முடிந்துவிடவில்லை. பிச்சைக்குப் போன இடத்தில் மண்கட்டியும் கோலும் ஓட்டுச் சில்லும் அவன்மேல் வந்து விழுகின்றன. தலை உடைந்து, உடை கிழிந்து, இரத்தம் வழிய வருகிறான். பொறுத்துக்கொள், நரகத்தில் நீண்ட காலம் அனுபவிக்க வேண்டியதை இங்கேயே அனுபவிக்கிறாய் என்று புத்தர் ஆறுதல் சொல்கிறார். பயன் இல்லாமற் போகவில்லை. அதை ஏற்கும் மனிதர் பெரியவராகிவிட்டதால் அது சிறியதாகிவிட்டது.

திருவரங்கத்தில் இந்தக் கதையைச் சொன்னால் கேட்பவர் மனத்தில் உடனே ஒரு பெயர் எழும். வழிப்பறி செய்து அடியார்க்கு அமுது படைத்த கலியன், மணக்கோலத்தில் வந்த பெருமாளையே மறித்து, எட்டெழுத்து மந்திரம் கேட்டு ஆழ்வாரானார். திருவரங்கத்தின் ஏழு சுற்றுகளில் நான்காவது அவர் பெயரால் ஆலிநாடன் திருச்சுற்று. குருபரம்பரை நூல்களும் கோயிலொழுகும் அவர் திருப்பணியைப் போற்றுகின்றன. நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையை அவர் கொண்டுவந்து மதில் பணிக்குப் பயன்படுத்தினார் என்ற செய்தியும் அந்த மரபில் வருகிறது. இது அடியார் மரபு சொல்லும் செய்தி. அவர்களுக்கு அதன் பொருள், அரங்கனுக்காக எதையும் செய்யத் துணிந்த பக்தி. வைணவத்தின் விடை அருளில் நிற்கிறது. சரணடைந்தவரின் வினையை எம்பெருமான் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறான். பௌத்தத்தில் பொறுப்பேற்க அப்படி ஒருவர் இல்லை. இந்த வேறுபாட்டை மழுப்பாமல் சொல்வதே இரண்டு நெறிகளுக்கும் நாம் செய்யும் மரியாதை.

அந்தப் பொன் சிலைச் செய்தியைக் கேட்கும்போது நான் நினைப்பது சிலையை இழந்த விகாரையின் பிக்குகளைப் பற்றி. பௌத்த அறம் அவர்களிடம் என்ன எதிர்பார்த்திருக்கும்? தீக நிகாயத்தின் முதல் சூத்திரம் அதைச் சொல்லிவிடுகிறது. என்னையோ தம்மத்தையோ சங்கத்தையோ யாராவது இகழ்ந்தால் சினம் கொள்ளாதீர்கள், அந்தச் சினம் உங்களுக்கே தடை என்று புத்தர் தம் சீடர்களுக்குச் சொல்கிறார். சிலை போன பிறகு மிஞ்சியது அந்தப் பிக்குகளின் மனநிலை. அதை வெறுப்பு நிரப்பியிருந்தால், பொன்னை இழந்ததைவிடப் பெரிய இழப்பாகியிருக்கும்.

பின்னாளில் அதே நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் சூளாமணி விகாரம் எழுப்பினார். சைவரான முதலாம் ராஜராஜன் தம் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தார். அந்தச் செப்பேட்டை லைடன் செப்பேடு என்பர். 1856 தொடங்கி நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து ஏறக்குறைய 350 புத்தத் திருமேனிகள் கிடைத்தன. ஒருவர் நெறிக்கு இன்னொருவர் கொடை கொடுத்த அந்தப் பண்பு சோழநாட்டின் சொத்து. இந்த ஊரில் மலைக்கோட்டையும் நத்தர்வலி தர்காவும் லூர்து மாதா ஆலயமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அந்தச் சொத்தை நாம் வெறுப்புப் பேச்சில் கரைத்துவிடக் கூடாது.

5. அம்மா மண்டபத்தில் எழும் கேள்வி

ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் அம்மா மண்டபத்துப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்கள் மனத்தில் ஒரு கேள்வி இருக்கும். நான் கொடுப்பது அவர்களுக்குப் போய்ச் சேருமா?

இதே கேள்வியை ஜானுஸ்ஸோணி என்ற அந்தணர் புத்தரிடம் கேட்டார். புத்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இறந்தவர் விலங்காகவோ மனிதராகவோ தேவராகவோ நரகராகவோ பிறந்திருந்தால் அந்தந்த இடத்து உணவையே உண்பார், பசித்த பேயுலகில் பிறந்திருந்தால் உறவினர் கொடுப்பது சேரும் என்றார். அந்த உலகில் நம் உறவினர் யாருமே இல்லாவிட்டால் என்று அவர் தொடர்ந்து கேட்டார். கொடுத்தவருக்கு அதன் பயன் தவறாது என்று விடை வந்தது. பெற்றோருக்குப் பிள்ளை செய்யவேண்டிய கடமைகளைச் சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொல்லும்போதும், மறைந்தவர் பெயரால் தானம் கொடுப்பதைப் புத்தர் சேர்த்தே சொல்கிறார்.

இதில் இரக்கமும் இருக்கிறது, கண்டிப்பும் இருக்கிறது. மறைந்தவர்களை நினைப்பதும் அவர்கள் பெயரால் கொடுப்பதும் நல்லது, கொடுப்பவர் மனத்தை அது விரிக்கும். ஆனால் ஒருவர் வாழ்நாள் முழுதும் உருவாக்கிக்கொண்ட குணத்தை, அவர் போன பிறகு மற்றவர் சடங்கால் மாற்றித்தர முடியாது. பெற்றோருக்குச் செய்யவேண்டியதை அவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள் என்று இந்தக் கருத்து நமக்குச் சொல்கிறது.

6. பழி சொல்ல உரிமை இல்லை

இப்போது நான் மிகுந்த கவலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். வினைக்கொள்கையைத் தமக்குப் பயன்படுத்தாமல் பிறர்மேல் பயன்படுத்துவோர் உண்டு. ஊனமுற்ற குழந்தையைப் பார்த்து, குழந்தையை இழந்த தாயைப் பார்த்து, சாதியால் ஒடுக்கப்பட்டவரைப் பார்த்து, முற்பிறப்பில் செய்தது என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். இதற்குப் பௌத்தத்தில் இடம் இல்லை.

மோலிய சீவகன் என்ற துறவி, மனிதர் அனுபவிக்கும் எல்லாமே முன்வினையால்தானா என்று கேட்டபோது புத்தர் மறுத்தார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல் ஆகியவற்றாலும் துன்பம் வரும். எல்லாம் முன்வினை என்பவர்கள் தாமே அறியக்கூடியதையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். வினைப்பயனை விரிவாகப் பேசும் வேறொரு சூத்திரத்தில், தீமை செய்தவர் உடனே நரகம் போகாமலும் இருக்கலாம், முன்போ பின்போ செய்த நன்மை குறுக்கிடலாம், அரைகுறையாகக் கண்டு முடிவு கட்டாதீர்கள் என்று எச்சரிக்கிறார்.

நம் காப்பியமும் இதையே செயலால் காட்டுகிறது. காயசண்டிகை முனிவர் ஒருவரின் நாவற்கனியை மிதித்ததால் சாபம் பெற்றுத் தீராப் பசியோடு பன்னிரண்டு ஆண்டுகள் அலைகிறாள். அவள் பசிக்குக் காரணம் தெரிந்த கதைதான். ஆனால் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து சோறு போடுகிறாளே தவிர, நீ செய்ததை நீ அனுபவி என்று சொல்வதில்லை. சிறைக்கூடத்தில் பசித்துக் கிடந்தவர்களுக்கும் அவள் அப்படியே சோறு போடுகிறாள். பிறகு அரசனிடம் சொல்லி அந்தச் சிறையை அறக்கோட்டம் ஆக்குகிறாள். குற்றம் செய்தவர்களும் அங்கே இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் பசி உண்டு என்பது போதுமான காரணமாக இருந்தது.

வினைக்கொள்கை என்பது நான் என்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அடுத்தவரைப் பார்க்கும்போது பௌத்தம் என் கையில் கொடுப்பது கருணையை மட்டும்தான்.

7. மறுமையை நம்பாதவர்களுக்கு

இது பெரியார் மாளிகை இருக்கும் ஊர். மறுபிறப்பை ஏற்காத நண்பர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களுக்கும் புத்தர் விடை வைத்திருக்கிறார். காலாமர் என்ற குலத்தாரிடம் பேசியபோது, வெறுப்பும் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லாதவருக்கு நான்கு ஆறுதல்கள் உண்டு என்றார். மறுமையும் வினைப்பயனும் இருந்தால் நல்ல இடத்தில் பிறப்பேன். இல்லாவிட்டால் இந்த வாழ்விலேயே பகையும் துன்பமும் இல்லாமல் இன்பமாக இருப்பேன். தீமை செய்தவருக்குத் தீமை வரும் என்றால், நான் தீமை எண்ணாததால் எனக்கு அது வராது. வராது என்றாலும் நான் தூய்மையாக இருக்கிறேன்.

மறுமையை வைத்து மனிதரை மிரட்டும் எண்ணம் ஒரு சமய ஆசிரியருக்கு இருந்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார். நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே ஒழுக்கத்தில் வந்து சேரும் இடத்தை அவர் காட்டினார். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை, செயலால்தான் என்று அவர் சொன்னதன் வலிமைதான், 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரையும், 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் தீட்சை ஏற்ற அண்ணல் அம்பேத்கரையும் இந்த நெறிக்குக் கொண்டுவந்தது.

8. இறுதிக் கணமும் எல்லா நாளும்

அபிதம்ம மரபு, அடுத்த பிறப்பைத் தீர்மானிக்கும் வினைகளை நான்காகப் பிரிக்கிறது. பெற்றோரைக் கொல்லுதல் போன்ற கனத்த வினை, நாள்தோறும் செய்து பழகிய வினை, இறக்கும் தறுவாயில் நினைத்த வினை, இவை எதுவும் இல்லாதபோது பயன் தரும் எஞ்சிய வினை. கனத்த வினை செய்பவர் அரியர். ஆகவே நம் போன்றோர்க்குப் பழகிய வினையே பெரும்பான்மை. சாகும் நேரத்து நினைவும் பெரும்பாலும் பழக்கம் போன வழியிலேதான் போகும்.

மகாநாமன் என்ற சாக்கியர் புத்தரிடம் ஓர் அச்சத்தைச் சொன்னார். கபிலவத்து நகரில் மாலை வேளையில் யானையும் குதிரையும் தேரும் வண்டியும் ஆட்களும் நெரிக்கும் தெருவில் போகும்போது என் மனம் கலங்கிவிடுகிறது, புத்தரையும் தம்மத்தையும் மறந்துவிடுகிறேன், அந்தக் கணத்தில் செத்தால் எங்கே பிறப்பேன் என்று கேட்டார். சத்திரம் பேருந்து நிலையத்தில் மாலை ஆறு மணிக்குச் சாலையைக் கடப்பவர்கள் அவர் அச்சத்தை உடனே புரிந்துகொள்வார்கள். அஞ்சாதே மகாநாமா என்றார் புத்தர். நீண்ட காலம் நம்பிக்கையிலும் சீலத்திலும் கல்வியிலும் ஈகையிலும் அறிவிலும் பழகிய உன் மனம், உடம்பு எப்படிப் போனாலும் மேல்நோக்கியே போகும் என்றார்.

நெருக்கடியில் கலங்கிய ஒரு கணம் ஒரு வாழ்க்கையை அழித்துவிடாது என்பது நமக்குப் பெரிய ஆறுதல். அதே பேச்சில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. கடைசி நேரம் என்று தனியாக எதுவும் இல்லை, பழகிய நாட்கள்தான் அங்கே வந்து நிற்கும்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். சோழ இளவரசன் உதயகுமரன் வாளால் வெட்டுண்டு இறந்ததற்கு முற்பிறப்புக் காரணம் ஒன்றை மணிமேகலை சொல்கிறது. துறவிக்கு உணவு சமைக்க வந்த மடையன் கால் இடறி விழுந்து பாத்திரத்தை உடைத்துவிட்டான். அப்போது இராகுலனாக இருந்த உதயகுமரன் அந்தச் சினத்தில் அவனை வெட்டிவிட்டான். நல்ல காரியத்துக்காக எழுந்த சினம்தான். துறவிக்கு உணவு கெட்டுவிட்டதே என்ற ஆத்திரம்தான். இருந்தும் அது கொலை. நல்ல நோக்கத்தின் பெயரால், நமக்குக் கீழே வேலை செய்பவர்மேல், கைதவறிய ஒரு சிறு பிழைக்காக நாம் எத்தனை முறை சீறியிருக்கிறோம்? வாள் கையில் இல்லை என்பது மட்டுமே வேறுபாடாக இருந்திருக்கலாம்.

அந்த இடத்தில் ஒரு கணம் பொறுப்பதுதான் சீலம். இன்று பொறுத்தவருக்கு நாளை பொறுப்பது சற்று எளிதாகும். பொறுத்துப் பொறுத்து அவர் வேறு மனிதராகிறார். அந்த வேறு மனிதர்தான், பௌத்தம் சொல்லும் மறுபிறப்பின் தொடக்கம். மறுபிறப்பை நம்பாதவருக்கோ, அது இந்தப் பிறப்பிலேயே கிடைக்கும் புதுப்பிறப்பு. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், அதைத் தொடங்கும் நாளும் இன்றுதான்.